முந்திப் பிறந்தவளும் முந்தி வந்த போளியும்

என் மகள் இப்போது மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறாள். இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துச் சறுக்கிக்கொண்டு வருகிறாள். "விழுந்து பல்லை உடைச்சுக்கப் போற" என்று கத்துகிறேன். கத்திவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்குள் சிரித்துக்கொள்கிறேன். இவளை வயிற்றின் மேல் படுக்கவைக்க நாங்கள் பட்ட பாடு எனக்கும், என் கணவருக்கும், அப்போது ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த அக்காவுக்கும்தான் தெரியும்.

அவள் எட்டு வாரம் முந்திப் பிறந்தாள். எடை ஒன்றரைக் கிலோ. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். துண்டில் சுற்றினால் துண்டுதான் தெரியும், ஆள் தெரியாது. கிளம்புகிற அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இவளுக்கு ரெண்டு வயசு. பிறந்த நாள்லேருந்து எண்ணினா ஒண்ணு. பிறந்திருக்க வேண்டிய நாள்லேருந்து எண்ணினா இன்னொண்ணு. கழுத்து நிக்குதா, கவுந்துக்கிறாளா, உக்கார்றாளான்னு பாக்கும்போது ரெண்டாவது வயசைத்தான் பாக்கணும்." அவள் பிறந்தது ஜூன் பன்னிரண்டு. பிறந்திருக்க வேண்டியது ஆகஸ்ட் ஏழு. டிஸ்சார்ஜ் சீட்டின் மேல் மூலையில் பேனாவால் 7/8 என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். கை கால் இறுக்கம் வருகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும், ஆனால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. சுபாவமும் அதுதான். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் எனக்கு நொட்டை சொல்பவள் என்றே பெயர். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தாலும் பருப்பு வேகவில்லை என்பேன். அப்படிப்பட்டவள் கையில் ஒன்றரைக் கிலோ குழந்தையைக் கொடுத்து, கவனமாகப் பாருங்கள் என்றால் என்ன ஆகும்.

என் கணவர் நேர் எதிர். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், அவரும் ரயில்வேதான். மூன்று தலைமுறைக்கு முன்னால் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் ஆமாம் என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை, ஹவ்தான். வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஏன் என்பதற்கு கைக்கு. அவர் தமிழ் எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. என் தமிழ் அவருக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, அது பல நேரங்களில் எங்கள் குடும்பத்துக்கு நல்லதாகவே இருந்திருக்கிறது.

முதல் இரண்டு மாதம் வேறு நினைப்புக்கே இடமில்லை. பாலைப் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றி, உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சரிக்க வேண்டும். அவளுக்கு உறிஞ்சத் தெம்பு கிடையாது. ஒரு பாலாடை முடிய முக்கால் மணி நேரம், முடிந்ததும் அடுத்ததற்கு நேரம் வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொள்ள வேண்டும், தோல் தோலில் படும்படி. ஷிப்ட் முடிந்து வந்ததும் என் கணவர் குளித்துவிட்டுச் சட்டை போடாமல் நாற்காலியில் சாய்வார், நான் அவளை அவர் மார்பில் வைத்துப் போர்வையைச் சுற்றிவிடுவேன். அவர் மார்பு முடியை அவள் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடியில் இருந்த பலம் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது.

அப்புறம் உடற்பயிற்சி. தார்நாகா பக்கம் ஒரு பிசியோதெரபி மேடம் இருந்தார். என் வயதுதான் இருக்கும், சுத்தமான ஹைதராபாத்காரர். பாதி ஆங்கிலம், பாதி ஊர் ஹிந்தி. எனக்குப் புரியாததை என் கணவர் சொல்வார். முந்திப் பிறந்த குழந்தைகள் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கவேண்டிய கடைசி வாரங்களை இழந்துவிடுவதால், கையும் காலும் தவளை மாதிரி அகண்டு கிடக்கும் என்றார் அவர். அதனால் விழித்திருக்கும்போது துண்டுகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் அணை கட்டி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரண்டு கையும் வாய்க்கு முன்னால் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டயப்பர் மாற்றும்போதெல்லாம் முழங்காலை மெல்ல மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். பிடித்து நிற்கவைத்துக் குதிக்கவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, வயிற்றின் மேல் படுக்கப்போட வேண்டும். முதலில் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. கழுத்தும் தோளும் முதுகும் அதில்தான் பலப்படும். "ஜல்தி நக்கோ அம்மா" என்பார் ஒவ்வொரு முறையும். அவசரம் வேண்டாம். என் கணவருக்கு அவரை உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நான் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பால், இரும்புச் சத்துச் சொட்டு மருந்து, தூக்கம் என்று வரிசையாக எழுதி, பதினொரு மணிக்கு எதிரில் 'டம்மி டைம்' என்று எழுதியிருந்தேன். வயிற்றின் மேல் படுக்கவைப்பதை மேடம் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார். என் கணவர் எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பவர். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, முகம் சுருங்கி என்னிடம் வந்தார்.

"பாப்பாவைக் கைக்கு டம்மின்னு எழுதி வெச்சிருக்கே? அவ என்ன பாவம் பண்ணா?"

"டம்மி இல்ல. டம்மி. வயிறு. இங்கிலீஷ்ல வயித்துக்கு டம்மின்னு சொல்லுவாங்கல்லா, அது."

"அதான் நானும் சொல்றேன். டம்மின்னுதானே எழுதியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. ஒரே எழுத்தை அவரவர் மனசில் இருந்தபடி வாசித்துக்கொண்டோம் என்று விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஹிந்தியில் ஏதோ எழுதினார். இந்த விஷயத்தை நான் நன்றாக ஞாபகத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பாலாடை போய்விட்டது, அவளே உறிஞ்சிக் குடித்தாள். எனக்கு இரண்டு கை ஓய்ந்தது. ஓய்ந்த கை சும்மா இருக்குமா. கம்பெனி கொடுத்த லேப்டாப் லீவிலும் என்னிடமே இருந்தது. அதில் ஓர் எக்செல் தாள் போட்டேன். டாக்டர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் கழுத்து நிற்பது, கவிழ்வது, உட்கார்வது, தவழ்வது, நிற்பது, நடப்பது என்று இருந்ததையெல்லாம் வரிசையாக எழுதி, மாதக் கணக்கை வாரமாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைத்தேன். பிரசுரத்தில் இத்தனை மாதத்திலிருந்து இத்தனை மாதத்துக்குள் என்று தாராளமாக இருந்தது. டெஸ்டருக்கு அதெல்லாம் ஒத்துவராது. கவிழ்வதற்கு இருபத்திரண்டு வாரம் என்று ஒரே எண்ணைப் போட்டேன். கெடு தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். இதற்கெல்லாம் ஒரே ஒரு தேதிதான் தேவை, பிறந்திருக்க வேண்டிய தேதி. சீட்டைப் பார்த்து 7/8 என்று அடித்தேன். அன்றிலிருந்து தினமும் திறந்தால் அவளுடைய இரண்டாவது வயது எத்தனை வாரம் என்று மேலே தெரியும்.

கழுத்துக்கு முதல் சிவப்பு விழுந்தது. இரண்டு வாரம் கழித்துக் கழுத்து நின்றது. நின்றதே என்று சந்தோஷப்படவில்லை, இரண்டு வாரம் தாமதம் என்று குறித்துவைத்தேன்.

மேடத்திடம் சொன்னால், "நல்லாத்தான் இருக்கா அம்மா, ஜல்தி நக்கோ" என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கட்டம் பொய் சொல்லாது என்பது என் கட்சி. டிசம்பரில் தாள் பாதிக்குப் பாதி சிவந்து போயிருந்தது. நடப்பாளா, நடக்க மாட்டாளா என்பதைத் தவிர வேறு எதையும் அந்த நாட்களில் நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை. முப்பத்தோராம் வாரம் வரைக்கும் குஷாய்குடாவிலிருந்து மாதாப்பூருக்கு ஆபீஸ் வண்டியில், பாலம் கட்டக் குழி தோண்டிய சாலையெல்லாம் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்தவள் நான். அதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள் நான்தான் என்று தோன்றும். தோன்றியதும் இன்னொரு தரம் அவளைக் குப்புறப் போடுவேன். அவள் பாயில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அழுவாள், நான் மணியைப் பார்த்துக்கொண்டு அழுவேன்.

இந்த நேரத்தில்தான் கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் கேள்வி.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். விஜயவாடாப் பக்கத்துக்காரர். பக்கத்தில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை, மாலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பஸ்ஸில் வந்து இறங்குவார். இறங்கியதும் மாடியைப் பார்த்து ஒரு கேள்வி. என் தெலுங்கு அரைகுறை என்பதால் கேள்வியைச் சுருக்கிவைத்திருந்தார்.

"போர்லா படிந்தா?"

கவிழ்ந்தாளா என்று அர்த்தம். அவர்கள் ஊரில் குழந்தையின் வளர்ச்சிக்கு எக்செல் தாள் கிடையாது, அடுப்புதான் உண்டு. குழந்தை கவிழ்ந்தால் பொப்பட்டு செய்வார்கள், நம் போளிதான் அது. உட்கார்ந்தால் குடுமுலு, நம் ஊர்க் கொழுக்கட்டைக்கு உறவு. முதல் அடி எடுத்து வைத்தால் தரையில் அரிசெலுவைப் பரப்பி, அந்த அதிரசங்களின் மேலேயே நடக்கவிடுவார்கள். அக்காவின் இரண்டு பெண்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான், இரண்டு பேரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு வீட்டில் ஒரு குழந்தை, அவருக்கு மாவு பிசையக் கை துறுதுறு என்று இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை. ஆறு மாதக் குழந்தை இன்னும் கவிழவில்லையே என்று அவர் குத்திக் காட்டுவதாகவே பட்டது. இரண்டாவது வயது என்று ஒன்று இருப்பதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே கேட்டார்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை. தாள் இருபத்து நான்கு வாரம் என்று காட்டிய நாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட் திறந்தது. கேள்வி வந்தது.

"படிந்தி அக்கா," என்றேன். கவிழ்ந்துவிட்டாள்.

ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் கேள்வியை இன்னொரு நாள் காதில் வாங்க என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அவுனா" என்றார், அப்படியா என்று. வேறு எதுவும் கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்று மாடி ஏறி வரவும் இல்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஏழு மணிக்கு எவர்சில்வர் டப்பாவில் போளி வந்தது. சூடாக, ஓரமெல்லாம் நெய் வழிய, பன்னிரண்டு போளி. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்றார்.

"பாப்பா கவுந்துட்டான்னு சொல்லிட்டேன்."

"கவுந்துட்டாளா?"

"இல்ல."

அவர் மீதிப் போளியை டப்பாவிலேயே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும். போளி அருமையாக இருந்தது. பசி வேறு. நான் நான்கு சாப்பிட்டேன், அழுதுகொண்டே.

அதற்குப் பிறகு அக்கா கேள்வியை நிறுத்திவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி, மாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க, ஐந்து மணிக்கு முன்பே துணியை எடுத்துவிட ஆரம்பித்தேன்.

ஜனவரி எட்டாம் தேதி மேடத்திடம் போக வேண்டிய முறை. தெருமுனை இன்டர்நெட் சென்டரில் தாளை அச்செடுத்துக்கொண்டு போனேன், வண்ணத்தில். சிவப்பு தெரிய வேண்டும் அல்லவா. என் கணவரும் லீவு போட்டு வந்தார். மேடம் பாப்பாவைப் பாயில் கிடத்திக் கையையும் காலையும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மேடம், தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

தாளை நீட்டினேன். அவர் பாப்பாவின் காலை விடாமல் ஒரு கையால் அதை வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இது யாரோட சார்ட்?"

"இவளோடதுதான்."

"இருபத்தாறு வாரம்னு போட்டிருக்கே."

"ஆமா. இன்னும் கவுழல. உக்காரல."

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, என் பையிலிருந்த டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கினார். வட்டம் போட்ட தேதியைப் பார்த்தார். அப்புறம் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஆகஸ்ட் ஏழிலிருந்து செப்டம்பர் ஏழு ஒன்று, அக்டோபர் ஏழு இரண்டு என்று ஜனவரி வரைக்கும் வந்தார். ஐந்து விரலும் மடங்கி, ஒரு கை முடிந்தது.

"அஞ்சு மாசம், ஒரு நாள். இருபத்திரண்டு வாரம். இதுல இருக்குற மிச்சம் நாலு வாரம் யாரோடது அம்மா?"

நான் தாளைப் பார்த்தேன். மேலே கட்டத்தில் 7/8 என்றுதான் இருந்தது. நான் அடித்தது அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்தபோது உட்காரலாம் போல இருந்தது, உட்கார்ந்துதான் இருந்தேன்.

எங்கள் கம்பெனியின் வேலையெல்லாம் அமெரிக்காவுக்கு. லேப்டாப்பும் அந்த ஊர் வழக்கப்படி அமைத்ததுதான். அவர்களுக்கு மாதம் முன்னால், தேதி பின்னால். நான் ஆகஸ்ட் ஏழு என்று நினைத்து அடித்ததை அது ஜூலை எட்டு என்று வாசித்து வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் தெரிவது ஒரே 7/8. முப்பது நாள். என் மகளின் தலையில் முப்பது நாளைக் கூடுதலாக ஏற்றிவைத்து, தினமும் அவளைச் சிவப்பில் தள்ளியிருக்கிறேன்.

முந்தின வருஷம் இதே தப்பை ஒரு வாடிக்கையாளரின் மென்பொருளில் கண்டுபிடித்தவள் நான். எழுதிய பையனைக் கூப்பிட்டு, "இதுகூடவா பாக்க மாட்டீங்க?" என்று முழு டீமுக்கும் முன்னால் கேட்டவளும் நான்தான்.

"அப்ப இவ…" என்றேன்.

"இவ இருபத்திரண்டு வாரப் பிள்ளை. இருபத்திரண்டு வாரப் பிள்ளை செய்யுறதைச் செய்யுறா. பாரு." மேடம் பாப்பாவின் முழங்காலை மடக்கி விட்டார். கால் லேசாகப் போய், லேசாகத் திரும்பி வந்தது. "இறுக்கம் இல்லை. ரெண்டு கையும் நடுவுல வருது. ஒருக்களிச்சுப் போட்டா தானே திரும்பப் பாக்குறா. இன்னிக்கோ, அடுத்த வாரமோ, அடுத்த மாசமோ கவுந்துடுவா. ஸ்கேன் நக்கோ. ஜல்தி நக்கோ."

பாப்பா தன் பெருவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேடம் என் கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் பேசிக்கொண்டே வந்தேன். சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டதுபோல் மூச்சு தாராளமாக வந்தது. நாச்சாரம் தாண்டியதும் என் கணவர் சொன்னார்:

"ரெண்டரை மாசம் என் பிள்ளையை நீ பெயில் பண்ணிட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்தவளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஹவ்," என்றேன். என் வாயில் அது வந்தது அன்றுதான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

தேதியைத் திருத்தி வைத்தேன். கட்டங்கள் எல்லாம் ஒரேயடியாக வெளுத்தன. கவிழ்வதற்கு நான் வைத்த கெடு அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தாளைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு அவளைக் குப்புறப் போட்டால் மணி பார்ப்பதையும் விட்டேன். நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்பூனால் டம்ளரைத் தட்டி வேடிக்கை காட்டினேன். அழுகை குறைந்தது. குறைந்தது அவளுக்கா எனக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அஞ்சாறு நாள் போனது. போகிப் பண்டிகை. விடியற்காலையில் தெருவில் கொளுத்திய பழைய பாய்களின் புகை இன்னும் அடங்கவில்லை. என் கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். பாப்பாவை மல்லாக்கப் பாயில் போட்டுவிட்டு, அரையடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல ஒருக்களித்தாள். வழக்கம்போல ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது. இங்கேதான் எப்போதும் முனகிவிட்டு மல்லாந்துவிடுவாள். அன்று முனகினாள், ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள், இடுப்பு வந்தது, தொப்பென்று கவிழ்ந்தாள். மாட்டிய கையை இழுத்து எடுத்துக்கொண்டாள். தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள். யார் இது இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது என்பது போல.

நான் கத்தியைக் கீழே போட்டேன். எழுந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தபோது மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தேன். படி திரும்புகிற இடத்தில், கீழே அக்கா தெரிந்ததும்தான் நின்றேன். அக்கா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பண்டிகைக்குக் கடலைப்பருப்புப் பூரணத்தை உருட்டிக்கொண்டிருந்தார். எதைச் சொல்ல ஓடி வந்தேனோ அதை மூன்று வாரத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். போளியும் தின்றாகிவிட்டது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இவரிடம் மட்டும் சொல்ல முடியாது. மூச்சு வாங்க, கையில் வெங்காயத் தோலோடு நின்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"படிந்தா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி என்ன கேள்வி என்பது உறைத்தது. "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது…"

"தெரியும்," என்றார். அவர் தெலுங்கில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். மெதுவாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எப்படித் தெரியும்? அவர் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு நான் கேட்டேன், அப்புறம்தான் நீ சொன்ன. நெஜமா கவுந்திருந்தா, நான் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்து, கேக்குற வரைக்கும் நீ துணியை மடிச்சுக்கிட்டு நிப்பியா?" என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. "இதோ இப்ப வந்தியே, இப்படி வந்திருப்ப."

"தெரிஞ்சுமா அன்னிக்கு அவ்வளவு போளி பண்ணீங்க?"

அக்கா ஓர் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அது உனக்கு. உன் முகத்தைப் பாத்தா சாப்பிட்டு நாலு நாள் ஆன மாதிரி இருந்துச்சு. பாப்பாவுக்கு இன்னிக்குத்தான்."

மாடியிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. கவிழத் தெரிந்தவளுக்கு மல்லாக்கத் திரும்பத் தெரியவில்லை. நான் திரும்பி ஓடினேன். என் பின்னாலேயே அக்காவும் ஓடி வந்தார், கையெல்லாம் பூரணத்தோடு.